யாரையும் தெரியாமல் வரும் பிள்ளைக்காகத் திட்டமிடுங்கள்: சபையில் 9–12 வயதுப் பெண் பிள்ளைகளுக்கான கூடுகை

இந்த வயதுப் பிள்ளைகளுக்குச் சபையில் இடம் கொஞ்சம் சிக்கலானதுதான். ஞாயிறு பள்ளியின் கையசைப்புப் பாட்டுக்கு வளர்ந்துவிட்டார்கள், வாலிபர் கூட்டத்துக்கு இன்னும் வயது வரவில்லை. அதனால் அவர்களுக்கென்று ஒரு மாலை ஒதுக்கினால் ஆர்வமாக வருவார்கள். ஆனால் வந்த பிறகு என்ன நடக்கிறது? ஏற்கெனவே பழகிய நான்கு பேர் ஒரு மூலையில் சிரித்துக்கொண்டிருப்பார்கள். தோழியின் அழைப்பில் முதல்முறை வந்தவள் சுவரோரமாகத் தண்ணீர் டம்ளரைக் கையில் பிடித்தபடி இரண்டு மணி நேரத்தைக் கடத்திவிட்டுப் போவாள். நடத்தியவர்களுக்கு நிகழ்ச்சி நன்றாக நடந்த மாதிரியே இருக்கும்.

எனவே திட்டம் போடும்போது ஒரே ஒரு பிள்ளையை மனதில் வையுங்கள்: யாரையும் தெரியாதவள், நம் பாட்டு தெரியாதவள், கூச்சக்காரி. அவளுக்குச் சரியாக அமைந்தால் மற்றவர்களுக்குத் தானாகவே அமைந்துவிடும்.

எத்தனை பேர், எவ்வளவு நேரம்

முதல் கூடுகைக்கு 20 பிள்ளைகள் போதும். மேசைக்கு 5 பேர், 4 மேசை. மேசைக்கு ஒரு பெரியவர், வாசலில் ஒருவர், சாப்பாட்டுக்கு ஒருவர், எந்தப் பொறுப்பும் இல்லாமல் சுற்றிப் பார்க்க ஒருவர் என்று 7 பேர் வேண்டும். அந்தக் கடைசி ஆளைத்தான் பலர் வெட்டிவிடுவார்கள். வெட்ட வேண்டாம். அழுகிற பிள்ளையோடு உட்காரவும், காணாமல்போன கத்தரிக்கோலைத் தேடவும், தனியாக நிற்பவளைக் கவனிக்கவும் அவர் ஒருவர்தான் மிச்சம் இருப்பார். 7 பேர் கிடைக்கவில்லை என்றால் அழைக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள், பெரியவர்களைக் குறைக்காதீர்கள்.

மொத்தம் இரண்டு மணி நேரம். மூன்று மணி நேரம் வைத்தால் கடைசி ஒரு மணியில் களைப்பும் சண்டையும் வரும். இராத்தங்கல் முதல் முயற்சிக்கு வேண்டாம். அதன் பாதுகாப்புப் பொறுப்பு வேறு அளவு, அறிமுகமில்லாத பிள்ளையின் பெற்றோர் அதற்குச் சம்மதிப்பதும் அரிது.

ஆறு வாரத்துக்கு முன் தேதியையும் பெரியவர்களையும் உறுதி செய்யுங்கள். பள்ளித் தேர்வு, சபையின் பெரிய ஆராதனை இரண்டும் அந்த வாரத்தில் இல்லையே என்று பாருங்கள். நான்கு வாரம் இருக்கும்போது அழைப்பு போகட்டும். இரண்டு வாரம் இருக்கும்போது பெரியவர்கள் ஒரு மணி நேரம் கூடி, அரங்கத்தில் நடந்து பார்த்தே பேசுங்கள்: யார் எங்கே நிற்பார், கழிவறைக்கு வழி எது, மின்சாரம் போனால் என்ன செய்வது. இரண்டு நாள் முன்னதாகப் பதில் தராத வீடுகளுக்கு ஒரு போன்.

அழைப்பில் இருக்க வேண்டியவை

சபை அறிவிப்பில் "பெண் பிள்ளைகள் எல்லோரும் வாருங்கள்" என்று சொன்னால் வழக்கமாக வருபவர்கள் மட்டும்தான் வருவார்கள். பிள்ளையின் பெயர் எழுதிய அட்டை அவள் கைக்குப் போக வேண்டும், விவரம் பெற்றோருக்குப் போக வேண்டும். தொடங்கும் நேரம், முடியும் நேரம், கட்டணம் இல்லை என்ற ஒரு வரி, என்ன உடை (ஓடியாடி விளையாட வசதியானது, பசையோ பெயின்ட்டோ பட்டால் பரவாயில்லாதது), போன் கொண்டுவரலாமா, ஒரு தோழியை அழைத்து வரலாமா, யாரைத் தொடர்புகொள்வது. இவற்றில் எதை விட்டாலும் அதைக் கேட்டுப் பத்து போன் வரும்.

இன்னொரு வரி கட்டாயம்: "ஒரு சிறிய வேதாகமப் பகுதி வாசித்து ஜெபிப்போம்." பிற மதத்துத் தோழிகளும் வரலாம். வெறும் விளையாட்டு என்று நம்பி அனுப்பிய பெற்றோருக்குப் பிறகு தெரியவந்தால், அந்தக் குடும்பத்தின் நம்பிக்கை போய்விடும். முதலிலேயே சொன்னால் பலர் மனமாரவே அனுப்புவார்கள்.

"அம்மாவும் மகளும்" என்று பெயர் வைக்கும் ஆசை நிறையப் பேருக்கு உண்டு. அம்மா இல்லாத பிள்ளை, அம்மா வேறு ஊரில் வேலை செய்யும் பிள்ளை, பாட்டியிடம் வளரும் பிள்ளை, இவர்கள் எல்லோரையும் அந்தத் தலைப்பே வெளியே நிறுத்திவிடும். பெரியவர் ஒருவர் கூட வரவேண்டிய நிகழ்ச்சி என்றால் "உனக்குப் பிடித்த ஒரு பெரியவரோடு வா" என்று எழுதுங்கள்.

படிவத்தில் கேட்க வேண்டியவை: உணவு ஒவ்வாமை, மருந்து, அவசர எண் இரண்டு, யார் அழைத்துப் போக வருவார், படம் எடுக்கச் சம்மதமா, "உங்கள் மகள் இங்கே வசதியாக இருக்க நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது உண்டா?" இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் மிகவும் உதவும். சத்தம் தாங்கமாட்டாள், வாசிக்கச் சொன்னால் பதறுவாள், காது ஒரு பக்கம் கேட்காது என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும்.

முதல் பத்து நிமிடம்

தொடங்கும் நேரத்துக்கு 20 நிமிடம் முன்பே எல்லாம் தயாராக இருக்க வேண்டும். சீக்கிரம் வருபவர்களில் புதியவர்கள் அதிகம், வழி தெரியாது என்று முன்னதாகவே கிளம்பியிருப்பார்கள். அப்போது நாற்காலி இழுத்துக்கொண்டும் பலூன் ஊதிக்கொண்டும் இருந்தால் அந்தப் பிள்ளை நடுவில் நின்று வேடிக்கை பார்ப்பாள்.

வாசலில் நிற்பவர் முதலில் பிள்ளையிடம் பேச வேண்டும், பிறகு பெற்றோரிடம். பெயர் அட்டையில் எழுத்து இரண்டு சென்டிமீட்டர் உயரமாவது இருக்கட்டும், மேசைக்கு அப்பாலிருந்து வாசிக்க வேண்டுமே. பெரியவர்களும் அதே மாதிரி அட்டை அணிய வேண்டும். புதியவர்களுக்கு வேறு நிற அட்டை தராதீர்கள். அன்போடு செய்தாலும் அது "நீ வெளியாள்" என்று நெஞ்சில் ஒட்டின மாதிரி. அட்டையின் மூலையில் ஒரு வண்ணப் புள்ளி மட்டும் போதும், அதுதான் அவளுடைய மேசை. புள்ளிகளை முன்கூட்டியே பட்டியல் பார்த்து ஒட்டுங்கள். தோழியோடு வந்தவளை அவளிடமிருந்து பிரிக்காதீர்கள், ஆனால் நான்கு தோழிகள் ஒரே மேசையில் வேண்டாம். இரண்டு இரண்டாகப் பிரித்தால் யாருக்கும் வருத்தம் இருக்காது. சொல்லாமல் வருபவர்களுக்காக மேசைக்கு ஒரு இடம் காலியாக வையுங்கள்.

அடுத்து, வரவேற்கும் பிள்ளைகள். பன்னிரண்டு வயதில் இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள். எப்போதும் கலகலவென்று பேசுகிறவளையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றில்லை, மற்றவர்களைக் கவனிக்கிறவள்தான் தேவை. "எல்லாரோடும் அன்பா இருங்க" என்று சொன்னால் அவர்களுக்கு ஒன்றும் புரியாது. என்ன செய்ய வேண்டும் என்பதை வார்த்தையாகவே கொடுங்கள். அட்டையைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிடு. "உனக்குப் பச்சைப் புள்ளியா? வா, அந்த மேசைதான்" என்று கூடவே நட. பிறகு "இந்த மணியெல்லாம் நிறம் பிரிக்கணும், நீ நீலம் எடுக்கிறியா?" என்று ஒரு வேலை கொடு.

இதில் வேலைதான் முக்கியம். கூச்சப்படும் பிள்ளையிடம் "உனக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டால் "தெரியல" என்பாள், அதோடு பேச்சு முடிந்தது. கையில் ஒரு கிண்ணம் மணியைக் கொடுத்தால் கை வேலை செய்யும், கண் கீழே இருக்கும், இரண்டு நிமிடத்தில் பக்கத்துப் பிள்ளையிடம் "இது நீலமா, ஊதாவா?" என்று அவளே கேட்பாள். பேச்சு அங்கே தொடங்கும். "நீ எந்தச் சபை?" என்பது முதல் கேள்வியாக வேண்டாம் என்று வரவேற்கும் பிள்ளைகளிடம் தனியாகச் சொல்லுங்கள். சபைப் பிள்ளைகள் வாயில் அதுதான் முதலில் வரும்.

விளையாட்டுகள், எது எங்கே கெடும்

தோற்றவர் வெளியேறும் விளையாட்டு எதுவும் வேண்டாம். முதலில் வெளியேறுபவள் பெரும்பாலும் விதி புரியாத புதியவள்தான். மீதி நேரம் முழுக்க ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள். இரண்டு தலைவிகள் மாறி மாறி ஆள் எடுக்கும் முறையும் வேண்டாம், கடைசியாக எடுக்கப்பட்டவள் அதை வருடக்கணக்கில் மறக்கமாட்டாள். ஜோடி சேர்ந்து ஆடுவதும் ஆபத்து: எண்ணிக்கை ஒற்றைப்படையானால் ஒருத்தி தனியாக நிற்பாள், இரட்டைப்படையானாலும் "ஜோடி சேருங்க" என்ற அந்த ஐந்து விநாடி கொடுமை. மூன்று நான்கு பேர் குழுவாக ஆக்குங்கள், புள்ளி நிறத்தை வைத்து நீங்களே பிரித்துவிடுங்கள்.

அறிமுகத்துக்கு நன்றாக வேலை செய்வது "ஆள் கண்டுபிடி" தாள். ஒரு தாளில் 12 கட்டம். ஒவ்வொன்றிலும் ஒரு குறிப்பு: வீட்டில் மூத்தவள், இடது கையால் எழுதுபவள், விசில் அடிக்கத் தெரிந்தவள், பல் மருத்துவரைப் பார்த்துப் பயப்படுபவள், நீச்சல் தெரிந்தவள், இரண்டு மொழி பேசுபவள். பொருந்துகிற ஆளைக் கண்டுபிடித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். "ஒரே ஆள் ஒரு தாளில் இரண்டு முறைக்கு மேல் கையெழுத்துப் போடக்கூடாது" என்ற விதியை விட்டுவிட்டால், இரண்டு தோழிகள் ஒருவருக்கொருவர் பன்னிரண்டையும் நிரப்பிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். பணம் தொடர்பான குறிப்பு எதுவும் சேர்க்காதீர்கள்: வெளிநாடு போனவள், சொந்த போன் உள்ளவள், தனி அறை உள்ளவள். உடல், அழகு, பையன்கள் பற்றியும் கூடாது. 12 நிமிடம் கொடுங்கள். முடிக்காதவர்கள் இருக்கும்போதே நிறுத்துங்கள், எல்லோரும் முடிக்கட்டும் என்று காத்திருந்தால் சலிப்பு தட்டும்.

கைவேலை: மணி வளையல்

இந்த வயதுக்கு மணி வளையல் பொருத்தமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கை வேலையாக இருக்கும்போதே வாய் பேசும், திறமை இல்லாதவளுக்கும் நன்றாக வரும், வீட்டுக்கு எடுத்துப் போகலாம். பெயின்ட்டிங் அப்படியில்லை, பக்கத்தில் இருப்பவளின் படம் அழகாக இருந்தால் தன்னுடையதைச் சுருட்டி வைத்துவிடுவாள்.

அளவு இப்படி. இந்த வயதில் மணிக்கட்டுச் சுற்று சுமார் 14–15 சென்டிமீட்டர். வளையல் 16 சென்டிமீட்டர் இருக்கட்டும். 6 மில்லிமீட்டர் மணி என்றால் ஒன்றுக்கு 26–27 பிடிக்கும். 20 பேருக்கு 540. சிலர் தங்கைக்கு இன்னொன்று செய்வார்கள், சிந்துவதும் உண்டு, எனவே 700–800 வாங்குங்கள். 0.8 மில்லிமீட்டர் எலாஸ்டிக் நூல், ஆளுக்கு 30 சென்டிமீட்டர், மொத்தம் 6 மீட்டர். முடிச்சு தவறி மீண்டும் வெட்டுவதையும் சேர்த்து 10 மீட்டர்.

நூலைக் கோர்ப்பதற்கு முன் இரண்டு மூன்று முறை நன்றாக இழுத்துவிடச் சொல்லுங்கள். இழுக்காமல் கோர்த்தால் சில நாளில் தளர்ந்து மணிகளுக்கு நடுவே நூல் தெரியும். ஒரு முனையில் சின்னத் துண்டு டேப் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் இருபதாவது மணியைக் கோர்க்கும்போது முதல் மணி மறுபக்கம் கொட்டும். மேசையில் ஒரு தடித்த துண்டை விரித்தால் விழுந்த மணி உருளாது, இதை மறந்தால் பாதி நேரம் எல்லோரும் தரையில்தான் இருப்பார்கள். சாதாரண முடிச்சு எலாஸ்டிக்கில் நழுவும். இரண்டு முனைகளையும் குறுக்கே போட்டு ஒரு முறைக்குப் பதில் மூன்று முறை சுற்றி இழுத்து, அதன்மேல் இன்னொரு முடிச்சு. நிறமற்ற நகப்பாலிஷ் ஒரு துளி வைத்து, காய்ந்த பின் நுனியை மூன்று மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். முடிச்சு வேலை மேசைப் பெரியவருடையது. ஐந்து பேரும் ஒரே நேரத்தில் நீட்டுவார்கள், அதனால் தொடக்கத்திலேயே ஒன்று போட்டுப் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள்.

எழுத்து மணி வைத்தால் ஒரு தொல்லை. கலவையாக வரும் பொட்டலத்தில் எல்லா எழுத்தும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் இருக்கும், ஆனால் பெண் பிள்ளைகளின் பெயர்களில் ஆங்கில எழுத்து 'ஏ' எல்லாவற்றையும் விட முந்தித் தீர்ந்துபோகும். வருகிறவர்களின் பெயர்ப் பட்டியலை வைத்து எழுத்தை எண்ணுங்கள், உயிரெழுத்துகளைத் தனியாக வாங்குங்கள். பெயர் வாரியாகப் பொட்டலம் கட்டி வைக்கலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். சொல்லாமல் வந்த தோழிக்கு மட்டும் பொட்டலம் இருக்காது. நாற்பது நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள்.

சாப்பாடு

கையால் எடுத்துச் சாப்பிடக்கூடியது, உடையில் சிந்தாதது, மேசைக்கே வருவது. வரிசையில் நிற்கும் ஏற்பாடு தோழிகளை மீண்டும் ஒன்றாகச் சேர்த்துவிடும், தனியாக வந்தவள் தட்டோடு இடம் தேடுவாள். மேசைக்கு ஒரு பெரிய தட்டும் ஒரு ஜாடி தண்ணீரும் வைத்து, அந்தந்த மேசைப் பிள்ளைகளே பரிமாறட்டும். தண்ணீர் ஆளுக்கு 200 மில்லி டம்ளர் மூன்று, 20 பேருக்கு 12 லிட்டர்.

வேர்க்கடலை, முந்திரி, பாதாம் வகைகள், எள், பால், முட்டை, கோதுமை, சோயா, மீன், இறால் நண்டு ஆகியவைதான் அதிகம் தொந்தரவு தரும் ஒவ்வாமைகள். ஒருத்திக்கு மட்டும் தனித் தட்டு வைப்பதை விட அவளும் சாப்பிடக்கூடியதையே எல்லோருக்கும் வையுங்கள். பொட்டலத்தின் உறையைத் தூக்கிப் போடாமல் வையுங்கள், பெற்றோர் கேட்டால் காட்ட வேண்டும்.

சாப்பாடு தேவ செய்திக்கு முன்னால். இறந்துபோன யவீருவின் மகளை உயிரோடு எழுப்பிய கையோடு இயேசு சொன்னது, அவளுக்குச் சாப்பிடக் கொடுங்கள் என்றுதான். அவளுக்கும் வயது பன்னிரண்டு.

வேதாகமப் பகுதி: பத்து நிமிடம்

அப்போஸ்தலர் நடபடிகள் 12-ஆம் அதிகாரம், 12 முதல் 16 வரை ஐந்து வசனம். ரோதை என்ற பெண் கதவு தட்டும் சத்தம் கேட்டு வருகிறாள். சிறையில் இருப்பதாக எல்லோரும் நினைத்த பேதுருவின் குரல் என்று தெரிந்ததும் சந்தோஷத்தில் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடுகிறாள். உள்ளே ஜெபித்துக்கொண்டிருந்த பெரியவர்கள், நீ பிதற்றுகிறாய் என்கிறார்கள். அவளோ சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள். பேதுரு வெளியே தட்டிக்கொண்டே நிற்கிறார். பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், அது சிரிக்க வேண்டிய பகுதிதான். பிறகு மேசைகளில் இரண்டு கேள்வி: நீ உண்மை சொல்லியும் பெரியவர்கள் நம்பாதபோது எப்படி இருந்தது? நமக்கு வெளியே யாராவது தட்டிக்கொண்டு நிற்கிறார்களா?

பகுதியைத் தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். "வேதாகமத்தைத் திறங்கள்" என்றால் எங்கே திறப்பது என்று தெரியாதவள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே முகம் சிவப்பாள். வட்டமாகச் சுற்றி ஆளுக்கொரு வசனம் வாசிக்கவோ ஜெபிக்கவோ வைக்காதீர்கள், விருப்பப்பட்டவர் மட்டும். பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் "அடுத்தவங்க" என்று சொல்லலாம் என முதலிலேயே அறிவியுங்கள். எல்லோர் முன்பாகவும் கை தூக்கித் தீர்மானம் எடுக்கவைப்பதும் வேண்டாம். இந்த வயதில் பக்கத்தில் இருப்பவள் தூக்கினாள் என்றே பாதிப் பேர் தூக்குவார்கள்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கக்கூடாதவை

எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனி அறையில் இருக்கக்கூடாது. இரண்டு பெரியவர் கண்பார்வையில், கதவு திறந்தபடி. நன்றாகத் தெரிந்தவர்தான், போதகர் வீட்டார்தான் என்ற விதிவிலக்கு எதுவும் இல்லை. பெரியவர்கள் பிள்ளைகளுக்குத் தனியாகக் குறுஞ்செய்தி அனுப்பக்கூடாது, எல்லாம் பெற்றோர் எண்ணுக்கே. படிவத்தில் பெயர் உள்ளவரிடம் மட்டும் பிள்ளையை அனுப்புங்கள். "நான் அவ மாமாதான்" என்று யார் வந்தாலும், படிவத்தில் இல்லையென்றால் பெற்றோருக்கு ஒரு போன். கோபப்படுவார்கள், பரவாயில்லை. படம் எடுக்கச் சம்மதம் தராத ஒரு பிள்ளை படத்துக்குள் வந்தாலும் அந்தப் படத்தை எங்கும் போடக்கூடாது. படத்தோடு பெயரும் வேண்டாம்.

பிள்ளை ஒருத்தி தன் வீட்டிலோ வெளியிலோ நடக்கும் ஏதாவது கொடுமையைச் சொன்னால், "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அமைதியாகக் கேளுங்கள், துருவித் துருவி விசாரிக்க வேண்டாம், "சொன்னது நல்லது" என்று சொல்லுங்கள். அவள் சொன்ன சொற்களிலேயே எழுதி வைத்து, சபையில் குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் அன்றே தெரிவியுங்கள். அடுத்தது அந்த இடத்துச் சட்டம் சொல்வதுபடி. சபைக்குள்ளேயே பேசித் தீர்க்கும் விஷயம் அல்ல இது.

கழிவறையில் ஒரு சின்னப் பையில் சானிட்டரி நாப்கின் ஐந்தாறு, மாற்று உள்ளாடை, கருப்பு லெக்கிங்ஸ் ஒன்று, மூடியுள்ள குப்பைத் தொட்டி. சிலருக்கு இந்த வயதிலேயே மாதவிடாய் தொடங்கிவிடும். யாரிடம் கேட்பது என்று அவள் தேடவேண்டியதில்லாமல், "தேவைப்பட்டால் எடுத்துக்கொள்" என்று பையின்மேல் எழுதிவிடுங்கள். அரங்கத்தின் ஓரத்தில் ஒரு பாய், இரண்டு தலையணை, சில புத்தகங்கள் போட்டு வையுங்கள். சத்தம் தாங்காதவள் எல்லோர் கண்ணிலும் படும்படியே அங்கே போய் உட்காரலாம். யாரும் காரணம் கேட்க வேண்டாம்.

கடைசிக் கால் மணி

செய்திக்குப் பின் ஓடியாடும் விளையாட்டு ஒன்று வைத்து, சிரிப்போடு முடியுங்கள். அடுத்த கூடுகையின் தேதியை அப்போதே சொல்லுங்கள், "மறுபடி எப்போதாவது" என்றால் யாரும் நம்பமாட்டார்கள். மூன்று நாளுக்குள் பெற்றோருக்கு ஒரு செய்தி போகட்டும். பொதுவான நன்றி வேண்டாம், "ஊதா வளையலை அழகாகச் செய்தாள்" என்பது போல அந்தப் பிள்ளையைப் பற்றிய ஒரு வரி. அதற்கு மேசைப் பெரியவர் அன்றே குறித்து வைத்திருக்க வேண்டும்.

எல்லோரும் போனபின், நாற்காலி அடுக்கும் முன், பெரியவர்கள் ஏழு பேரும் பெயர்ப் பட்டியலோடு பதினைந்து நிமிடம் உட்காருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரே கேள்வி: இவள் இன்று எந்தப் பிள்ளையோடு பேசினாள்? பத்தொன்பது பெயருக்குப் பதில் வரும். ஒரு பெயரில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பீர்கள். அவள் பெயரைத் தனித் தாளில் எழுதி, அடுத்த முறை எந்த மேசை, பக்கத்தில் யார் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டு எழுந்திருங்கள்.